துயரின் பெயரும் ஏட்டின் அமானிதமும்

துயரம் வேறு, துயர நோய் வேறு. இவ்வேறுபாட்டை ஏட்டில் ஏற்றியவர்களுள் முஸ்லிம் அறிஞர்களுக்குச் சிறப்பிடம் உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் ‘மாலிகூலியா’ எனப்பட்ட நோய்க்கெனத் தனிநூல் இயற்றினார். அபூ ஸைத் அல் பல்கீ (850–934), காரணம் தெரிந்த துயரையும் காரணம் புலப்படாத துயரையும் பிரித்துக் காட்டினார். முன்னதற்கு ஆறுதலும் சிந்தனைப் பயிற்சியும், பின்னதற்கு உடலுக்கான மருத்துவமும் வேண்டும் என்றார். அர்ராஸீ தாம் கண்ட நோயாளிகளின் நிலையைக் குறித்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் அக்குறிப்புகள் ‘அல் ஹாவீ’ எனும் பெருந்தொகுப்பில் இடம்பெற்றன.

இன்றைய நோய்க் குறியீட்டு முறையும் அதே தேவையில் எழுந்ததே. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மனநோய்களுக்குத் தனிப்பிரிவு கிடைத்தது 1948ஆம் ஆண்டின் ஆறாம் திருத்தத்தில்தான். பத்தாம் திருத்தத்தின்படி கடும் மனச்சோர்வு எஃப் 32.2, அதனோடு பிரமைகளும் பிறழ்நம்பிக்கைகளும் சேர்ந்தால் எஃப் 32.3, மீண்டும் மீண்டும் வருமாயின் எஃப் 33. மருத்துவர் ‘மனச்சோர்வு’ என்று மட்டும் எழுதினால் அது ‘குறிப்பிடப்படாதது’ எனும் எஃப் 32.9 ஆகிவிடும், நோயின் கடுமை ஏட்டிலிருந்தே மறைந்துவிடும். பதினோராம் திருத்தம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. எண்கள் மாறினாலும் கடுமையைப் பதியும் கடமை மாறவில்லை.

அக்கடமையில் உறவினருக்கும் பங்குண்டு. பாகாயத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களிலேயே குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கத் தொடங்கியது. உறக்கம் கெட்டது எப்போது, உணவு வெறுத்தது எப்போது, சாவைப் பற்றிப் பேசியது எப்போது என்பனவற்றை அறிந்தவர்கள் வீட்டார் அல்லவா?

இதற்கு நேர்மாறான காட்சியை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாது மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது; நோயைச் சர்வதேச வகைப்பாடு போன்ற ஏற்கப்பட்ட நெறிகளின்படியே முடிவு செய்யப் பணித்தது; உடல்நோய்க்கு நிகரான காப்பீட்டையும், தம் மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையையும், இரகசியக் காப்பையும் நோயாளிக்கு வழங்கியது.

ஆயினும், திருமணப் பேச்சு தடைபடுமோ என்றும், ஈமான் குறைவு எனப் பிறர் பழிப்பரோ என்றும் அஞ்சி நோயை மறைக்கும் இல்லங்கள் நம்மிடையே உள்ளன. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் ‘துக்க ஆண்டு’ எனப் பெயரிட்டே நம் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. துயருக்குப் பெயரிடுவது இழிவன்று. நோயாளியின் நிலையை உள்ளவாறு சொல்வதும், உள்ளவாறு எழுதுவதும், எழுதியதைக் காப்பதும் ஓர் அமானிதமே.