கோவேறு கழுதைகள் போட்ட பாதை

1828 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். தலைநகர் வாஷிங்டனுக்குச் சற்று மேலே, பொட்டோமாக் ஆற்றங்கரையில் கூட்டம் திரண்டிருந்தது. புதுக் கால்வாய் ஒன்றுக்கு முதல் மண்ணை வெட்ட வந்திருந்தார் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். உரையின் நடுவே மண்வெட்டியை இறக்கினார். மண் வரவில்லை, உள்ளே ஒரு மர வேர். மறுபடி வெட்டினார். மறுபடியும் வேர். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. 60 வயது அதிபர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறியோடு வெட்ட ஆரம்பித்தார். மண் பெயர்ந்தது, கரவொலி எழுந்தது. தன் பேச்சைவிட அந்தக் கோட்டைக் கழற்றியதுதான் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது என்று பிறகு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். வேர் தடுத்ததை யாரும் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்கலாம்.

ஏனென்றால் அதே நாளில், சுமார் 40 மைல் தள்ளி பால்டிமோரில் இன்னொரு விழா நடந்தது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த ஒரே மனிதர், 90 வயது சார்லஸ் கரோல், ஒரு கல்லை நாட்டினார். அது பால்டிமோர்-ஓஹையோ ரயில்வேயின் முதல் கல்.

இரண்டுக்கும் இலக்கு ஒன்றுதான்: அலெகெனி மலைகளைத் தாண்டி, ஓஹையோ ஆற்றுப் பக்கத்து வளத்தைக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுவருவது. ஜார்ஜ் வாஷிங்டனுக்கே இருந்த பழைய ஆசை அது. அதிபராவதற்கு முன்பே, 1785இல், பொட்டோமாக் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்க ஒரு கம்பெனியைத் தொடங்கி அதற்குத் தலைவராக இருந்தார். அந்த ஆசையின் வாரிசுதான் செசபீக்-ஓஹையோ கால்வாய். வாஷிங்டனில் தொடங்கி, ஆற்றை ஒட்டியே கம்பர்லாந்து ஊர் வரை சென்று, அங்கிருந்து மலையேறி பிட்ஸ்பர்கில் இறங்குவது திட்டம். தண்ணீருக்கும் தண்டவாளத்துக்கும் பந்தயம் ஆரம்பமானது.

முதல் மோதல் பாயின்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தில். ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் ஆறு, நடுவே ஒடுக்கமான நிலத்துண்டு. இருவருக்கும் அது வேண்டும். வழக்கு நடந்து, 1832இல் கால்வாய் ஜெயித்தது. ஆனால் கோர்ட்டில் ஜெயித்தவர்கள் களத்தில் நொந்துபோனார்கள். அதே ஆண்டு காலரா வந்தது. ஐரிஷ் கூலித் தொழிலாளர்கள் ஈக்களைப் போல மடிந்தார்கள். 1834இல் தொழிலாளர் கும்பல்களுக்குள் வெடித்த கலவரத்தை அடக்க அதிபர் ஜாக்சன் ராணுவத்தையே அனுப்பினார். அமெரிக்காவில் ஒரு தொழிலாளர் தகராறுக்கு மத்திய ராணுவம் போனது அதுதான் முதல் தடவை. கஜானாவும் வறண்டுகொண்டே வந்தது. அந்த நிலையில்தான் குறுக்கே வந்தது ஒரு மலை.

ஆறு அங்கே பாம்பாக வளைந்து வளைந்து ஓடியது. வளைவுகளைச் சுற்றுவதைவிட மலையைக் குடைவது லாபம் என்று கணக்குப் போட்டார்கள். பாவ்பாவ் சுரங்கம் 1836இல் தொடங்கியது. ஒப்பந்தம் எடுத்தவர் ஒரு மெதடிஸ்ட் போதகர். இரண்டே ஆண்டில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். 3,118 அடி நீளச் சுரங்கத்தை முடிக்க 14 ஆண்டுகள் ஆயின. போதகர் கடனில் மூழ்கிப்போனார். கால்வாய் 1850 அக்டோபரில் ஒருவழியாகக் கம்பர்லாந்தைத் தொட்டபோது, ரயில் அங்கே வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பந்தயம் முடிந்தது. பிட்ஸ்பர்க் கனவை மூட்டை கட்டி வைத்தார்கள். 184.5 மைல் நீளம், 605 அடி உயரத்தைப் படிப்படியாக ஏறி இறங்க 74 லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்), கூடவே ஒரு கரைப்பாதை. அந்தக் கரைப்பாதையைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசியதில்லை. கால்வாய்க்குத் தோண்டிய மண்ணைக் கொட்டி, சுமார் 12 அடி அகலத்துக்கு மட்டமாக்கிய வரப்பு, அவ்வளவுதான். படகை இழுக்கும் கோவேறு கழுதைகள் நடக்க ஏதாவது வேண்டுமே!

ஒரு படகில் சுமார் 120 டன் நிலக்கரி. இழுக்க இரண்டு மூன்று கோவேறு கழுதைகள். ஆறு மணி நேரம் இழுத்தால் ஓய்வு. மாற்று ஜோடி படகின் முன்பக்கத் தொழுவத்திலேயே தயாராக நிற்கும். படகுக்காரரின் குடும்பமும் படகிலேயே குடியிருந்தது. கழுதைகளை ஓட்டிக்கொண்டு கரையில் நடந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். பாவ்பாவ் சுரங்கத்துக்குள் கரைப்பாதையின் மரக் கைப்பிடியில் இன்றும் கையை வைத்தால் விரல் பதியும் அளவுக்குப் பள்ளங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான படகுகளின் நனைந்த கயிறு உரசி உரசிச் செதுக்கிய தடம் அது. அந்தச் சுரங்கத்தில் எதிரெதிரே வந்த இரண்டு படகுக்காரர்கள் பின்வாங்க மாட்டோம் என்று நாள்கணக்கில் அடம்பிடித்ததாகவும், அதிகாரி ஒருவர் பச்சைச் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகைபோட்டு இருவரையும் வெளியேற்றியதாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ புளுகோ, கால்வாய்க்காரர்களின் குணத்துக்குப் பொருத்தமான கதை.

1889 மே மாதக் கடைசியில் வானம் பிளந்தது. ஜான்ஸ்டவுனில் அணை உடைந்து 2,200க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அதே மழை, பொட்டோமாக்கையும் பொங்கவைத்தது. கரைகள் உடைந்தன, லாக்குகள் சிதைந்தன, கம்பெனி திவாலானது. ஏலத்துக்குப் போயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அப்போது கை கொடுத்தது யார் தெரியுமா? பரம எதிரி, பால்டிமோர்-ஓஹையோ ரயில்வே.

பாசத்தால் அல்ல, பயத்தால். மேற்கு மேரிலாந்து ரயில்வே என்ற போட்டிக் கம்பெனி ஒன்று தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஆற்றோரமாக மட்டமாகக் கிடக்கும் கால்வாய்க் கரை அதன் கையில் சிக்கினால் தண்டவாளம் போட்டுவிடும். அதைத் தடுக்கவே, கால்வாயின் கடன்பத்திரங்களில் பெரும்பகுதியை வைத்திருந்த பால்டிமோர்-ஓஹையோ அதைத் தன் பிடிக்குள் கொண்டுவந்து, பழுதுபார்த்து, ஓடவும் வைத்தது. 1924இல் வந்த இன்னொரு வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1938இல் 20 லட்சம் டாலருக்கு அரசாங்கத்திடம் கைமாறியது. சரித்திரச் சின்னமாகக் காப்பாற்றத்தான் வாங்கினார்கள் என்று தோன்றும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே அரசாங்கம் அந்தப் பாதைமேல் கார் ரோடு போட வரைபடம் தயாரித்தது.

1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளேடும் ரோட்டை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. அதைப் படித்துக் கொதித்தவர்களில் ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். காடும் மலையும் சுற்றுவதில் பித்துப் பிடித்தவர். ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்: என்னோடு அந்தக் கரையில் நடந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள் என்பது அதன் சாரம். நீதிபதி சவால் விட்டால் பத்திரிகைக்காரர்கள் பின்வாங்க முடியுமா? மார்ச் மாதம் கம்பர்லாந்திலிருந்து நடை தொடங்கியது. எட்டு நாள். வழியில் சேர்ந்தவர்கள், கழன்றவர்கள் எல்லாரையும் சேர்த்தால் 58 பேர். 184.5 மைலையும் நடந்து முடித்தவர்கள் 9 பேர்தான். 55 வயது டக்ளஸ் அவர்களில் ஒருவர். பத்திரிகை ஆசிரியர்கள் பாதியில் காலில் கொப்புளத்தோடு திரும்பினார்கள். ஆனால் மாத முடிவில் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு எழுதினார்கள். என் கணக்கில், அமெரிக்க இதழியலில் கால் கொப்புளம் செய்த ஆகப்பெரிய நன்மை அதுதான். ரோடு திட்டம் ஓய்ந்தது. 1971இல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

ஆனாலும் பாதை கம்பர்லாந்தோடு முட்டி நின்றது, 1850இல் நின்ற அதே இடத்தில்.

இங்கேதான் பழைய போட்டிக்காரர் மறுபடி வருகிறார். கால்வாய்க் கரை கிடைக்காத மேற்கு மேரிலாந்து ரயில்வே, பக்கத்திலேயே வழி கண்டுபிடித்துக் கம்பர்லாந்தை அடைந்து, 1912இல் மலைகளைக் குடைந்து பென்சில்வேனியாவின் கானல்ஸ்வில் வரை தண்டவாளம் போட்டுவிட்டது. 1970களில் அதுவும் பால்டிமோர்-ஓஹையோவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே மலையைத் தாண்ட இரண்டு தடம் எதற்கு? 1975இல் மேற்கு மேரிலாந்து தடத்தை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தபின் மிஞ்சியது மலைக்கு மேல் மட்டமாகப் போகும் வெற்றுப் படுகை. 1986இல் யாக்கியோகெனி ஆற்றோரம் ஓஹையோபைல் பக்கத்தில் 9 மைலுக்குச் சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி உருட்டிவிட்டார்கள். பிறகு துண்டு துண்டாக, பாலம் பாலமாக வேலை நீண்டது. 2013இல் பிட்ஸ்பர்கின் கடைசித் துண்டும் சேர்ந்தது. கிரேட் அலெகெனி பாசேஜ் என்ற அந்த 150 மைலும் கால்வாய்க் கரையும் கம்பர்லாந்தில் கைகோத்தன. ஆடம்ஸ் வேரோடு மல்லுக்கட்டி 185 ஆண்டுகள் கழித்து வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்குக்கு வழி பிறந்தது. வந்தவை படகுகள் இல்லை, சைக்கிள்கள்.

அகலமான டயர் போட்ட கிராவல் சைக்கிள்கள் அமெரிக்காவில் சூடுபிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சுமார் 335 மைல் தூரம், காரும் லாரியும் நுழைய முடியாத சரளைப் பாதை. 120 டன்னை இழுக்கும் கழுதைக்காக மட்டமாக்கிய தரை. மலைமேல் நிலக்கரி ரயில் மூச்சுவாங்காமல் ஏற இழுத்துவைத்த சரிவு. உச்சியான 2,392 அடிக்கு ஏறும்போதுகூட சரிவு 2 சதவீதத்தைத் தொடுவதில்லை. மழை பெய்தால் கால்வாய்க் கரை சேறாகும். பனிக்காலத்தில் மலைமேல் உள்ள பிக் சாவேஜ் என்ற சுரங்கத்தின் கதவுகளை அடைத்துவிடுவார்கள். மற்றபடி கரை நெடுகச் சில மைலுக்கு ஒரு இலவசக் கூடார இடமும் அடிபம்பும் உண்டு.

மிதித்துக் களைத்தவர்கள் சைக்கிளோடு ஊர் திரும்ப ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது. அது ஓடுவது பழைய பால்டிமோர்-ஓஹையோ தண்டவாளத்தில்.