ரணஜன்னியும் நரம்பின் வாயிலும்

மூவார் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர்க்கு, மண்பட்ட காயம் அன்றாட நிகழ்ச்சி. அம்மண்ணில் உறங்கும் ரணஜன்னிக் கிருமியோ, ஆழ்ந்த காயத்துள் விழித்தெழுந்து நஞ்சைச் சுரக்கும்.

1889இல் ஜப்பானிய அறிஞர் கித்தசாட்டோ அக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். 1890இல் பேரிங்குடன் இணைந்து நஞ்சுமுறியையும் கண்டார். ஆயினும் காலந்தாழ்ந்து செலுத்திய முறிமருந்து பல உயிர்களைக் காக்கவில்லை. காரணம் யாது?

1898இல் வாசர்மனும் தக்காக்கியும் நஞ்சை மூளைத் திசுவோடு கலந்தனர். திசு அதனைப் பற்றிக்கொள்ளவே, நஞ்சின் கொடுமை அடங்கிற்று. அவ்வாறு பற்றுவது நரம்பணுவின் மேலுறையிலுள்ள கேங்லியோசைடு என்னும் கொழுப்புப்பொருள் என்பதை 1959இல் வான் ஹெய்னிங்கன் சுட்டினார். அவ்வாயிலைப் பற்றி உட்புகும் நஞ்சு, நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளை அடக்கும் செய்தியைத் தடுக்கிறது. தாடை இறுகுகிறது, உடல் வில்லென வளைகிறது.

நரம்பணுவுக்குள் புகுந்த நஞ்சை முறிமருந்து எட்டாது. ஆதலின் வாயிலை அடையுமுன் மறிப்பதே வழி. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடி அறுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளை இந்நோய் வாரிச் சென்றது. இன்று கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசி, பிறக்கவிருக்கும் மகவின் நரம்புக்கும் காவலாய் நிற்கிறது.