கோழியின் எலும்பிலிருந்து மனித எலும்புக்கு: ஒரு முட்டை ஓட்டின் பயணம்

முட்டைக்கோழிப் பண்ணைகளில் மாலைத் தீவனத்தோடு கொஞ்சம் பெரிய சுண்ணாம்புக்கல் குருணையோ கிளிஞ்சல் நொறுக்கோ கலந்து வைப்பது உண்டு. தூளாகக் கொடுத்தால் சீக்கிரம் கரைந்துவிடும். குருணையாகக் கொடுத்தால் கோழியின் அரைவைப் பையில் தங்கி இரவெல்லாம் சிறுகச் சிறுகக் கரையும். கோழிக்குக் கால்சியம் அதிகம் வேண்டியிருப்பது இரவில்தான். முட்டைக்கு ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது.

கோழியின் ஓட்டுச் சுரப்பியில் ஒரு முட்டை ஏறக்குறைய 20 மணி நேரம் தங்குகிறது. அதற்குள் 2 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான கால்சியம் அதன்மேல் படிந்தாக வேண்டும். கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருக்கும் கால்சியமே சுமார் 20 கிராம்தான். தீவனத்திலிருந்து வருவது மட்டும் இதற்குப் போதாது. முட்டையிடும் பருவம் வந்ததும் பெட்டைக்கோழியின் கால் எலும்புகளுக்குள், மஜ்ஜை இருக்கும் குழியில், சேமிப்புக்கென்றே ஒரு தனி எலும்பு வளர்கிறது. இரவில் குடல் காலியாகும்போது அந்த எலும்பு கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதை ஓட்டுக்குக் கொண்டுசேர்க்கிறது. மறுநாள் தீவனம் உள்ளே போனதும் சேமிப்பு மறுபடி நிரம்புகிறது. தீவனத்தில் கால்சியம் குறைந்தால் கோழியின் எலும்பே மெலிந்து முறியும். ஆக, ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் ஒரு பங்கு நேற்றுவரை எலும்பாக இருந்தது.

காலையில் முட்டை வெளியே வரும்போது ஓட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எடை 5 முதல் 6 கிராம். அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். மீதியில் கொஞ்சம் மெக்னீசியம், கொஞ்சம் பாஸ்பேட், புரதம். கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் வழியே காற்று உள்ளே போய் வரும். உட்புறத்தில் இரண்டு அடுக்கு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும்.

நாமக்கல் வட்டாரத்திலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் அட்டைத் தட்டுகளில் அடுக்கி லாரி ஏறுகின்றன. சத்துணவுக் கூடங்களுக்கும், கேரளத்துக்கும், கப்பல் வழியே வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. முட்டையை உடைத்த நொடியே ஓடு குப்பையாகிறது. ஆம்லெட் கடையிலும் பேக்கரியிலும் மற்ற குப்பையோடு கலந்து அடையாளம் இழக்கிறது. முட்டைப் பொடி ஆலைகளில் மட்டும் டன் கணக்கில் ஒரே இடத்தில் சேர்கிறது. வெள்ளைக்கரு ஒட்டிய சவ்வு அழுகும்; நாறும்; எலியும் ஈயும் மொய்க்கும். கொஞ்சம் உரத்துக்குப் போகிறது. கொஞ்சம் அரைபட்டுத் தீவனத்துக்கே திரும்புகிறது. மிச்சம் மண்ணுக்குள்.

இந்த ஓட்டுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அது மனித உடலின் தேவையிலிருந்து பிறந்த வழி.

தாடையில் நீர்க்கட்டியை எடுத்தால் எலும்பில் குழி விழும். விபத்தில் எலும்பு சிதறினால் இடைவெளி விழும். குழி சிறிதானால் உடலே நிரப்பிக்கொள்ளும். பெரிதானால் எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் வெட்டி எடுத்து வைப்பதுதான் இன்றளவும் மிக நம்பகமான முறை. ஆனால் அதற்கு நல்ல இடத்தில் இன்னொரு காயம் உண்டாக்க வேண்டும். அறுவை நடந்த இடத்தைவிட இடுப்பு அதிகம் வலிக்கிறது என்று சொல்லும் நோயாளிகள் உண்டு.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது அது. அதையே செயற்கையாகச் செய்து வைத்தால் உடல் ஏற்கிறது. 1974இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெல்லா ராய், பவளப்பாறையின் கால்சியம் கார்பனேட்டை அதன் துளை அமைப்பு குலையாமல் ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார். மாட்டெலும்பைச் சுத்திகரித்துச் செய்த துகள்கள் பல் மருத்துவத்தில் பரவலாகப் புழங்குகின்றன. பவளத்தை வெட்டினால் கடலுக்குக் கேடு. மாட்டெலும்பை ஏற்க மனம் ஒப்பாதவர்கள் பலர். பவளமும் முட்டை ஓடும் ஒரே கால்சியம் கார்பனேட் என்பதால், ஆய்வாளர்களின் பார்வை குப்பைக்கூடையின் பக்கம் திரும்பியது.

ஆய்வகத்தில் முதல் வேலை, ஓட்டைக் கழுவிக் கொதிக்க வைத்துச் சவ்வை உரிப்பது. பிறகு உலை. சூடு ஏற ஏற, ஒட்டியிருந்த புரதம் கருகி ஓடு முதலில் கறுத்துப்போகும். 900 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் இருந்தால் கறுப்பு எரிந்து, கார்பன் டைஆக்சைடும் வெளியேறி, வெள்ளை வெளேரென்று சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிராம் கால்சியம் கார்பனேட் 56 கிராமாகச் சுருங்கிவிடும். நம் ஊர்க் காளவாய்களில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததும் இதே வேதியியல்தான். தண்ணீர் ஊற்றி நீற்றுவதும் அப்படியே. அதற்கு அடுத்த படிதான் புதிது.

நீற்றிய சுண்ணாம்புக் கரைசலைக் கலக்கிக்கொண்டே அதில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் காரத்தன்மை சட்டென்று இறங்கி, வேறு பாஸ்பேட்டுகள் படிந்துவிடும். 3 பாஸ்பரஸ் அணுவுக்கு 5 கால்சியம் அணு என்ற கணக்கு பிசகக் கூடாது. கால்சியம் மிஞ்சினால் சுட்ட சுண்ணாம்பாகவே உள்ளே தங்கும். அது உடலுக்குள் நீர் பட்டால் திசுவைப் புண்ணாக்கும். சரியாக வந்தால் அடியில் வெண்மையான வண்டல் படியும். அதை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, மறுபடி உலையில் இட்டு இறுக்கினால் எலும்புத் தாதுவுக்கு நெருங்கிய உறவான பீங்கான் கிடைக்கும்.

சென்னை ஐஐடியின் ஆய்வாளர்கள் மைக்ரோவேவ் முறையில் முட்டை ஓட்டிலிருந்து நுண்படிக ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்ததை 2007இல் வெளியிட்டார்கள். நாமக்கல்லுக்கு அடுத்த சேலத்தில், பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூப்போன்ற நுண்வடிவத்தில் அதைச் செய்து 2013இல் வெளியிட்டார்கள்.

இதில் ஒரு கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கிராம் கால்சியம் கார்பனேட்டிலிருந்து ஏட்டுக் கணக்கில் ஏறத்தாழ ஒரு கிராம் ஹைட்ராக்சிஅபடைட் கிடைக்கும். உலையில் இழந்த எடையைப் பாஸ்பேட் ஈடுகட்டிவிடுகிறது. தாடையின் சிறு குழியை நிரப்பச் சில கிராம் போதும். அதாவது, ஒரு நோயாளிக்கு ஒன்றிரண்டு முட்டையின் ஓடு.

துகளாகக் குழிக்குள் வைத்த பிறகு அதன் கடைசிக் கட்டப் பயணம் தொடங்குகிறது. உடல் நீரில் அதன் மேற்பரப்பு இலேசாகக் கரைந்து, எலும்பை ஒத்த மெல்லிய தாதுப் படலமாக மறுபடி படிகிறது. அதில் புரதங்கள் ஒட்டுகின்றன. புரதத்தைப் பற்றிக்கொண்டு எலும்பு கட்டும் செல்களான ஆஸ்டியோபிளாஸ்டுகள் குடியேறுகின்றன. துகள்களுக்கு இடையே 100 மைக்ரானுக்கு மேல் இடைவெளி இருந்தால் ரத்தக்குழாயும் நுழையும். இந்தப் பீங்கான் தானாக எலும்பை உண்டாக்குவதில்லை. கொடிக்குக் கொழுகொம்பு எப்படியோ, புது எலும்புக்கு இது அப்படி. பிறகு எலும்பைக் கரைக்கும் செல்களான ஆஸ்டியோகிளாஸ்டுகள் அதை மெல்ல அரிக்கின்றன. அரித்த இடத்தில் சொந்த எலும்பு வருகிறது. ஹைட்ராக்சிஅபடைட் கரைய ஆண்டுகள் ஆகும். விரைவாகக் கரைய வேண்டுமென்றால் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டைக் கலப்பார்கள்.

மனிதருக்குள்ளும் இது போயிருக்கிறது. குண்டூரின் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் சென்னை ஐஐடி ஆய்வாளரும் சேர்ந்து, மேல்தாடையில் கட்டி எடுத்த குழிகளில் முட்டை ஓட்டு ஹைட்ராக்சிஅபடைட்டை வைத்து, அதன் முதற்கட்ட முடிவுகளை 2014இல் வெளியிட்டார்கள். ஆனால் சிறிய ஆய்வுகளோடு முடிவு கட்டிவிட முடியாது. இந்தப் பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், வளைத்தால் நொறுங்கும். தொடையெலும்பின் பாரத்தை இதன்மேல் மட்டும் ஏற்ற முடியாது.

“குப்பையிலிருந்து எலும்பு” என்று தலைப்புப் போட்டு வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இது நாமக்கல்லின் ஓட்டுக் குப்பையைத் தீர்க்காது. தேவைப்படும் அளவு அவ்வளவு சொற்பம். ஓடு சும்மா கிடைப்பதால் மட்டும் சிகிச்சை மலிவாகிவிடாது. செலவு வேறிடத்தில் இருக்கிறது. உடலுக்குள் வைக்கும் ஹைட்ராக்சிஅபடைட்டில் ஆர்சனிக் 10 லட்சத்தில் 3 பங்கையும், ஈயம் 30 பங்கையும் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தர விதி சொல்கிறது. கோழி என்ன தின்றது, என்ன மருந்து கொண்டது, ஓடு எங்கே கிடந்தது என்பதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் ஒவ்வொரு தொகுதியையும் நம்ப முடியும். தெருக் குப்பையில் கலந்த ஓட்டுக்கு அந்தப் பதில் கிடையாது. முட்டைப் பொடி ஆலையின் ஓட்டுக்கு உண்டு.

அதனால் செய்ய வேண்டியது தெளிவு. ஆலையில் ஓட்டை உடைத்த இடத்திலேயே தனியாகப் பிரித்து, கழுவி, உலர்த்தி, பண்ணைப் பெயரும் தேதியும் குறித்து வைக்க வேண்டும். ஆய்வகங்கள் இன்னொரு ஆய்வுக் கட்டுரையோடு நிற்காமல், அரசுப் பல் மருத்துவமனைகளோடு சேர்ந்து பெரிய அளவில் மருத்துவச் சோதனை நடத்த வேண்டும். மூலப்பொருளும் உலையும் ஆய்வாளரும் சில மணி நேரப் பயணத் தூரத்துக்குள் அமைந்த இடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அது வாய்த்திருக்கிறது. இந்த இரண்டு ஊர்களையும் இணைக்க வேண்டிய பொறுப்பு தமிழ்நாட்டு அரசுக்கும் முட்டைத் தொழிலுக்கும் இருக்கிறது.