சிம் இல்லாத கைப்பேசியும் மாலுமியின் ராப்பலகையும்



ஹஜ், உம்ராவுக்கு ஆயத்தமாவோர் பலரிடம் ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. வெளிநாட்டில் சிம் அட்டையும் இணையமும் இல்லையெனில் கைப்பேசி வழிகாட்டாது என்பதே அது. மினாவில் ஒரே நிறத்தில், ஒரே வடிவில் நிற்கும் கூடாரங்களுக்கிடையே தம் கூடாரத்தைத் தேடும் முதியவருக்கு இது சிறிய விஷயமன்று. இக்கருத்து சரிதானா என்பதை அறிய, வழியறியும் கலையின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

மாலுமிகளின் இரு துணைகள்

தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழியறிய விண்மீன்கள் உதவுவதை அல்குர்ஆன் (6:97) இறைவனின் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. அக்கொடையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் இந்தியப் பெருங்கடலின் மாலுமிகள். அரபு மாலுமிகளின் கருவி ‘கமால்’. தமிழ் மாலுமிகள் இதனை ‘ராப்பலகை’ என்றனர். ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவில் முடிச்சுகள் இட்ட கயிறு, அவ்வளவே. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்துவர். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ, அதுவே அம்மீனின் உயரம். இன்று அவ்வுயரம் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 8.5 பாகை, ஜித்தாவில் 21.5 பாகை. துறைமுகத்தின் உயரத்தை எட்டியதும், கிழக்கிலோ மேற்கிலோ நேராகச் செலுத்தினால் கரை வந்துவிடும்.

ஆனால், பாறை எங்கே, எப்பருவக் காற்றில் புறப்படுவது, கரையின் அடையாளம் யாது என்பவற்றைப் பலகை சொல்லாது. அதற்காக மாலுமிகள் ‘ரஹ்மானீ’ எனும் வழித்துணை ஏடுகளைக் கரையிலேயே ஆயத்தம் செய்து உடன் கொண்டு சென்றனர். 15-ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித், தலைமுறைகளின் இக்கடலறிவைத் தம் ‘கிதாபுல் ஃபவாயித்’ நூலில் தொகுத்தளித்தார்.

ஒரு குறை மட்டும் நீடித்தது. துருவ மீன் வடக்கு தெற்கைச் சொல்லும். கிழக்கு மேற்கைச் சொல்லாது. 11-ஆம் நூற்றாண்டில் கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாகக் கணிக்க முனைந்த அல்பிரூனி, பக்தாதிலிருந்து அந்நகர் வரையிலான பாதைகளின் தூரங்களைக் கொண்டு இக்கணக்கைப் போட வேண்டியிருந்தது. கடலில் இதற்கு விடை தர நுட்பமான கடிகாரம் தேவைப்பட்டது.

வானில் வைத்த கடிகாரங்கள்

ஜிபிஎஸ் என்பது அக்கடிகாரத்தை வானில் வைத்ததுதான். அமெரிக்க இராணுவம் 1973-இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1983-இல் தென் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன்பின், இவ்வசதி பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என அமெரிக்கா அறிவித்தது. 1995-இல் அது முழுமையடைந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் இச்செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தைச் சுமந்து, தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகின்றன. குறைந்தது 4 கோள்களின் சமிக்ஞை வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து, கைப்பேசி தான் நிற்குமிடத்தைக் கணிக்கிறது. வானொலிப் பெட்டியைப் போல அது கேட்கிறது. வானுக்கு எதையும் அனுப்புவதில்லை. எனவே இதற்குச் சிம்மும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

இணையம் உதவுவது இரண்டில். முதலாவது, கோள்களின் இருப்பிடத்தை விரைவாகத் தெரிவிப்பது. இணையமில்லையெனில் கைப்பேசி அதனைக் கோள்களிடமிருந்தே மெல்லப் பெறும்; திறந்த வானத்தின் கீழ் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் போதும். இரண்டாவது வரைபடம். அது வானிலிருந்து வருவதில்லை. நீலப்புள்ளி சரியான இடத்தில் நின்றாலும் சுற்றிலும் வெறுந்திரையாகத் தெரிவது இதனால்தான்.

நம் கால ரஹ்மானீ

ஆகவே, புறப்படுமுன் வீட்டிலேயே மக்கா, மதீனா நகரங்களின் வரைபடத்தைக் கைப்பேசியில் பதிவிறக்கிக்கொள்வோம். கூகுள் மேப்ஸ் இணையமின்றி வாகன வழியை மட்டுமே காட்டும். நடைவழிக்கு ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியை நிறுவிக்கொள்ளலாம். விடுதியையும் கூடாரத்தையும் அடைந்தவுடன் அவ்விடத்தை வரைபடத்தில் குறித்து வைப்போம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, நம்மூர்த் தெருவிலேயே ஒருமுறை பழகிப் பார்ப்போம். நம் பெற்றோருக்கும் பொறுமையாகக் கற்றுக்கொடுப்போம். மின்னேற்றம் தீர்ந்துபோனால் கைப்பேசி பயன்படாது; எனவே விடுதியின் முகவரியை அரபியில் எழுதிய தாள் ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஹஜ்ஜைப் பற்றிய வசனம் (2:197) பயணத்திற்கு வேண்டியதை எடுத்துச் செல்லப் பணிக்கிறது. நிற்குமிடத்தை வானம் எவருக்கும் சொல்லும். செல்லும் வழியை அன்றைய மாலுமியும் கரையிலிருந்தே கொண்டு சென்றார். அந்த ஆயத்தம் இன்றும் நம் பொறுப்பே.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலகுவாக்கி, நம் ஹாஜிகளை நலமுடன் இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.