மாஸ்கோவில் அச்சான புத்துயிர்ப்பு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாசிப்புப் பழக்கமுள்ள வீடுகளின் பழைய அலமாரிகளில், விவிலியத்திற்கும் புனிதர் வரலாறுகளுக்கும் அருகே, கெட்டி அட்டையிட்ட தமிழ் நூல் ஒன்றிரண்டு இன்றும் அகப்படும். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மிர் என்ற பெயர்களுள் ஒன்றும், மாஸ்கோ என்ற ஊர்ப்பெயரும் அவற்றில் அச்சாகியிருக்கும். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் வழியாகச் சில ரூபாய்க்கு நம்மிடம் வந்து சேர்ந்தவை அவை. அவற்றை அனுப்பிய சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் மறைந்தது. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு உறையாகி என்றோ கிழிந்துபோயின. பழைய தென்னார்க்காட்டிற்குச் சோவியத் உதவியால் வாய்த்து, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையமும் 2020இல் ஓய்ந்தது. இரும்பினும் காகிதம் நீடித்தது வியப்புத்தான்.

திண்டிவனத்தில் என் பெரியப்பா வீட்டில் எஞ்சியது தால்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு', தமிழாக்கியவர் ரா. கிருஷ்ணய்யா. தன்னால் சீரழிந்த பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் காணும் ஒரு பிரபுவின் மனமாற்றமே கதை. 1899இல் வெளிவந்த இந்நாவலைத் தால்ஸ்தோய் நற்செய்தி வசனங்களோடு தொடங்குகிறார். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணுக்காக ஆண்டவர் பேசியதும் அவற்றுள் உண்டு. இறுதியில் பிரபு மலைப்பொழிவை வாசிக்கிறார். முன்னேற்றப் பதிப்பகத்திற்கு மூலமான அமைப்பு 1931இல் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் மாஸ்கோவின் மீட்பராம் கிறிஸ்து பேராலயத்தை அவ்வரசு வெடிவைத்துத் தகர்த்தது. ஆலயத்தை இடித்த அரசின் செலவிலேயே நற்செய்தி வசனங்கள் தமிழில் அச்சேறி நம் வீடு வந்தன!

ஆனால் அந்நூலில் நம்மைப் புண்படுத்தும் பகுதியும் உண்டு. சிறைச்சாலையில் நடக்கும் திருவழிபாட்டைத் தால்ஸ்தோய் இரண்டு அதிகாரங்களில் ஏளனம் செய்கிறார். ஜார் காலத் தணிக்கையாளர் அவற்றை வெட்டினர். சோவியத் பதிப்புகளோ முழுமையாக அச்சிட்டன. 1901இல் ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவரை விலக்கியதற்கு இந்நாவலும் ஒரு காரணம்.

"நாத்திகர் புத்தகம் வீட்டில் எதற்கு?" என்று உபதேசியார் ஒருவர் பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா மறுமொழி கூறாமல் முதற்பக்கத்தைத் திறந்து காட்டினார். உபதேசியார் நின்றபடியே வசனங்களை வாசித்தார்; பின்பு நூலை இரவல் வாங்கிச் சென்றார். பல வாரங்கள் கழித்து அது திரும்பி வந்தபோது, அந்த இரண்டு அதிகாரங்களின் தாள்கள் மட்டும் வெள்ளை நூலால் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. பெரியப்பா அத்தையலைப் பிரிக்கவில்லை. நூல் என்னிடம் வந்தபின் நானும் பிரிக்கவில்லை. அவ்வதிகாரங்களை வேறொரு பிரதியில்தான் வாசித்தேன்.