40 விழுக்காடு எதன்மேல்? மினசோட்டா பட்டினி ஆய்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

மினசோட்டா பட்டினி ஆய்வை (1944–45) எடுத்தாளும் கட்டுரைகள் பலவும் ஓர் எண்ணில் வந்து நிற்கின்றன: 24 வார அரைப்பட்டினியின் முடிவில் அடிப்படை ஆற்றல் செலவு ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. உணவைக் கடுமையாகக் குறைத்தால் உடல் தன் எரிப்பையே தணித்துக்கொண்டு எடைக்குறைப்பை முறியடிக்கும் என்பதற்கு இதுவே தலைமைச் சான்றாகிறது. எண்ணில் பிழையில்லை. அது எதன்மேல் கணக்கிடப்பட்டது என்பதைத்தான் இந்த வாசிப்பு கவனிக்கவில்லை.

ஆய்வை நடத்திய ஆன்சல் கீஸ் குழுவினரின் 1950ஆம் ஆண்டு நூலில் இதே சரிவு மூன்று விதமாக வருகிறது: ஆளுக்கு 39 விழுக்காடு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 31, இயங்குதிசுவின் கிலோவுக்கு 16. நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியில் வாழ்ந்த, ஆய்வில் பங்கேற்ற ஆண்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்திருந்தனர். சிறுத்த உடலுக்குச் செலவும் குறையும். அதைத் தகவமைப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. சேர்க்கத் தக்கது கடைசி எண் மட்டுமே. அதையும் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். பட்டினி வீக்கத்தால் திசுவில் நீர் தேங்கியிருந்தது. கல்லீரலும் தசையும் கிலோவுக்கு ஒரே அளவில் எரிப்பவையும் அல்ல. எனினும், இந்தத் தயக்கங்கள் நம்மை 40க்குத் திருப்பி அழைத்துச் செல்வதில்லை.

அப்படியானால் மிச்சம் பிடிக்கப்பட்டது எங்கே? அக்குழுவின் டெய்லரும் கீஸும் அதே ஆண்டில் போட்ட கணக்கின்படி, மொத்தச் சேமிப்பில் பாதிக்கும் மேல் உடலியக்கத்தில் கிடைத்தது. வாரம் 35 கிலோமீட்டர் நடை கட்டாயமாக இருந்தது. ஆகவே விருப்பத்துக்கு விடப்பட்ட அசைவுகளில்தான் சிக்கனம் நடந்தது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் எங்கே இருக்கிறது என்பது தனக்கு அத்துபடியாக இருந்ததை, பங்கேற்ற ஒருவர் பல பத்தாண்டுகள் கழித்தும் நினைவுகூர்ந்தார்.

பசியின் பங்கைப் பற்றி, பட்டினிக்குப் பிந்தைய மீட்புக் காலம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இறுதிவரை கண்காணிக்கப்பட்ட 12 பேரின் தரவுகளை 1990களில் டுல்லூ குழுவினர் மீண்டும் ஆராய்ந்தனர். கொழுப்பு பழைய அளவைத் தாண்டிய பின்னும், இழந்த தசையும் பிற கொழுப்பற்ற திசுவும் முழுதாக மீளும்வரை மிகைப்பசி அடங்கவில்லை.

இவர்கள் பருமனற்ற இளைஞர்கள், இன்றைய உணவுக்கட்டுப்பாட்டுக்கு இவர்களை அளவுகோலாக்கலாமா என்பர். அளவு மாறலாம், திசை மாறும் என்று கொள்ளக் காரணமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியாளர் 14 பேரைப் பற்றிய 2016 ஆய்வு, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களது ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி அளவில் குறைந்திருந்ததாகக் காட்டியது. எரிப்பு தணிவதே எடை திரும்பக் காரணம் என்போர் இதைப் பெரிதும் நம்புகின்றனர். ஆனால் அதே ஆய்வில், எடைக்குறைவைக் கூடுதலாகக் காத்துக்கொண்டவர்களிடமே இந்த எரிப்பு மந்தமும் கூடுதலாக இருந்தது. எடை திரும்புவதற்கு மந்தமே காரணம் என்றால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, கலோரி வெட்டுக்கு உடல் தரும் விடையில் ஓய்வுநிலை எரிப்பு ஒரு பகுதி, அதுவும் சிறிய பகுதி. பெரும்பகுதி அசைவிலும் பசியிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் அளக்காத ஆய்வு, எடை ஏன் திரும்புகிறது என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெறாது.