துணியும் பீரங்கியும் கடன் பத்திரமும்

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் காணச் செல்லும் மாணவர்கள், கடற்கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சில கல் தொலைவு சென்றால், சதுரங்கப்பட்டினம் என்னும் ஊரை அடையலாம். ஆங்கிலேயர் நாவில் அது சட்ராஸ் என்றாயிற்று. கடலை நோக்கியபடி இடிந்த செங்கற்கோட்டை ஒன்று அங்கே நிற்கிறது. பண்டகசாலைகளின் சிதைவுகளும், ஒல்லாந்தர் மொழியில் எழுத்துப் பொறித்த கல்லறைகளும் அதனுள்ளே காணப்படுகின்றன. சரக்கை அடுக்கிய இடமும், பீரங்கியை நிறுத்திய இடமும், மாண்டவரைப் புதைத்த இடமும் ஒரே மதிலுக்குள் அடங்கியுள்ளன. துணி வாங்க வந்தவனுக்குக் கோட்டை எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஏகாதிபத்தியத்தைப் பற்றி ஆராய்ந்த இடதுசாரிச் சிந்தனையாளர் பலர். கார்ல் மார்க்ஸ் 1853ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்தியாவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ரோசா லக்சம்பர்க் அம்மையார் 1913இல் மூலதனத்தின் திரட்சியைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். லெனின் 1916இல் ஏகாதிபத்தியத்தைப் பற்றி எழுதிய நூல் அடுத்த ஆண்டில் அச்சாயிற்று. இவர்களுக்குள் கருத்து வேறுபாடுகள் உண்டு. லெனின் முதன்மையாகப் பேசியது பெரும் வங்கிகளும் ஏகபோகங்களும் ஓங்கிய பிற்காலத்தைப் பற்றியே. எனினும் ஒரு கருத்து இவர்களுக்குப் பொதுவானது: போர் என்பது வாணிபத்தின் நடுவே எதிர்பாராமல் நேரும் விபத்தன்று; படையும், கடனும், சந்தையும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பவை. இக்கருத்து பொன்தானா என்பதைச் செங்கற்பட்டுச் சீமையின் சரித்திரம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதலில் துணியைக் காண்போம். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பினி 1602ஆம் ஆண்டில் தோன்றியது. அவர்கள் நாடி வந்தது ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் கிழக்குத் தீவுகளை. அத்தீவுகளில் விரும்பப்பட்ட பண்டமோ சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. எனவே இங்கே துணி வாங்கி, அங்கே அதைக் கொடுத்து வாசனைப் பொருள் பெற்று, அதனை ஐரோப்பாவில் விற்றனர். சதுரங்கப்பட்டினத்தின் மெல்லிய மஸ்லின் இவ்வாறே உலகச் சந்தையில் புகுந்தது. ஆனால் சங்கிலியின் மறு முனையைப் பாருங்கள். ஜாதிக்காய் முழுவதும் தமக்கே கிடைக்க வேண்டுமென்று ஒல்லாந்தர் 1621இல் பண்டா தீவுகளின் மீது படையெடுத்தனர். தீவு மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அல்லது அடிமைகளாக்கப்பட்டு விரட்டப்பட்டனர். நம் கரையில் தறியின் முன் அமர்ந்திருந்த நெசவாளி அதனை அறிந்திருக்க மாட்டார். அவர் நெய்த துணி அந்த வாணிபத்தின் நாணயமாயிற்று.

அடுத்தது பீரங்கி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு எழுந்த போட்டியில் ஆங்கிலக் கும்பினி ஒருவரையும், பிரெஞ்சுக் கும்பினி மற்றொருவரையும் ஆதரித்தன. 1752ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் கோவளத்தையும், அதனையடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். 1754ஆம் ஆண்டு ஜனவரியில் இரு கும்பினிகளின் தூதர்களும், ஒல்லாந்தர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் கூடிச் சமாதானம் பேசினர். பேச்சு முறிந்தது. யார் நவாபாக இருப்பது என்று இரண்டு வணிகக் கும்பினிகள் வழக்காடின. நாட்டு மக்களின் கருத்தைக் கேட்பார் அங்கே எவருமில்லை.

மூன்றாவதாகக் கடன் பத்திரம். ஆங்கிலேயர் உதவியால் நவாபான முகம்மதலி வாலாஜா, போர்ச் செலவு அனைத்தும் தம் தலையில் விழக் கண்டார். 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பின்னர் அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வரி தண்டினார். பணம் போதவில்லை. கும்பினியின் உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு மிகுந்த வட்டிக்குக் கடன் கொடுத்தனர். ஈடாக வரி வருமானத்தை எழுதி வாங்கிக்கொண்டனர். போரால் கடன் பெருகிற்று. கடனை வசூலிக்கப் படை தேவைப்பட்டது. உழவரின் களத்து நெல் மேல்வாரமாகிச் சென்னையிலிருந்த கடன்காரர் கைக்குப் போயிற்று. 1785ஆம் ஆண்டில் எட்மண்டு பர்க் இந்தக் கடன்களைப் பற்றி ஆங்கிலப் பாராளுமன்றத்தில் நெடுநேரம் கண்டித்துப் பேசினார். பர்க் இடதுசாரியல்லர், பழமையைப் போற்றியவர். ஆயினும், எகிப்தியக் குடியானவரின் உழைப்பு ஐரோப்பிய வங்கிகளின் வட்டியாக மாறியதைப் பற்றி நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் லக்சம்பர்க் எழுதியதற்கும், பர்க் கண்டதற்கும் மிகுந்த ஒற்றுமை உண்டு. எகிப்து 1882இல் ஆங்கிலப் படையின் வசமாயிற்று. கர்நாடக ராஜ்யமோ 1801இலேயே கும்பினியின் வசமாகிவிட்டது.

உலகம் ஒரே சந்தையானால் போரும் உலகளாவியதாகும் என்பதற்கு நம் கரையே சான்று. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தன. 1778இல் பிரான்சு அவர்களோடு சேர்ந்தது. கிளர்ச்சிக்காரரோடு வாணிபம் செய்த ஒல்லாந்தர் மீதும் 1780 டிசம்பரில் இங்கிலாந்து போர் தொடுத்தது. விளைவாக 1781இல் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1782 பிப்ரவரி 17ஆம் நாள் சுப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் இந்தக் கடலிலே மோதின. உள்நாட்டிலோ, 1780இல் ஹைதர் அலியின் படை காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை முறியடித்தது. பகைவருக்கு உணவு கிடைக்கலாகாது என்று ஊர்களை அழித்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர், பஞ்சம் வந்தது. வென்றவர் யாராயினும், பசித்தவர் குடியானவரே.

போர்கள் ஓய்ந்தபின் இருந்த நிலை என்ன? 1824ஆம் ஆண்டு லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையால் சதுரங்கப்பட்டினம் உட்பட ஒல்லாந்தரின் இந்தியக் குடியிருப்புகள் ஆங்கிலேயருக்கு வந்தன; சுமத்திராவிலிருந்த பென்கூலன் ஒல்லாந்தருக்குப் போயிற்று. மனிதர் வாழும் ஊர்கள் சதுரங்கக் காய்களைப் போல் இடம் மாற்றப்பட்டன. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆலைத்துணி நம் சந்தையில் குவிந்தது. துணி ஏற்றுமதி செய்த கரை, துணி இறக்குமதி செய்யும் கரையாயிற்று.

ஆகவே அச்சிந்தனையாளர் கண்ட தொடர்பு மெய்யே. ஆனால் உரைகல் மாற்றுக் குறைவையும் காட்டும். அநீதி முழுவதும் கப்பலில் வந்திறங்கியதன்று. செங்கற்பட்டுச் சீமையில் மிராசுதாரரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள் இருந்தனர். கும்பினி ஆட்சி அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. வரி ஒழுங்காக வந்தால் போதுமென்றிருந்தது. 1891இல் இம்மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹீர் அம்மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டில் அவர்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. அந்நியச் சுரண்டலை மட்டும் பார்த்து உள்ளூர்ச் சுரண்டலைக் காணாத கண் பாதிக் கண்ணே ஆகும்.

இன்று அதே பழைய செங்கற்பட்டுச் சீமையில் உலக நிறுவனங்களின் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அவற்றால் பலருக்கு வேலையும் ஊதியமும் கிடைத்தது உண்மை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததும் உண்மை. இங்கே பீரங்கி இல்லை, நவாபுமில்லை. பழைய கும்பினியையும் இன்றைய தொழிற்சாலையையும் ஒன்றென்று கூறுவது சரித்திரமாகாது. ஆயினும் ஓர் ஊரின் வாழ்வைப் பற்றிய முடிவு தொலைதூர மேசையொன்றில் எடுக்கப்படும் நிலை நமக்குப் புதிதன்று.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை மாமல்லபுரம் செல்வோர் சதுரங்கப்பட்டினம் வரை சென்று வாருங்கள். அக்கோட்டை மதிலின் நிழலில் நின்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் போரின் இலாபம் யாருக்கு? இந்தக் கடனின் வட்டியைக் கட்டுபவர் யார்? இந்த உடன்படிக்கை எழுதப்பட்டபோது கலந்து பேசப்படாதவர் யார்? எந்தக் கட்சியின் நூலைப் படித்தாலும், எந்த நாட்டின் செய்தியைக் கேட்டாலும், இம்மூன்று கேள்விகளையும் மறவாதவரே சரித்திரம் கற்றவராவர்.